சட்டப்படி கோதார் எங்கள் ஊர்க்காரர்

சினிமாவைக் கண்டுபிடித்தது எங்கள் நாடு. இதைச் சொன்னால் மதராஸ்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் ஒரு காபிக்கடையின் கீழறையில், ஆளுக்கு ஒரு பிராங்க் வாங்கிக்கொண்டு லூமியேர் சகோதரர்கள் முதல் காட்சியை ஓட்டினார்களே, அப்போது பாரிஸுக்கும் புதுச்சேரிக்கும் ஒரே சர்க்கார். மதராஸோ விக்டோரியா மகாராணியின் சொத்து. ஆகவே சினிமா எங்களுக்கு உள்நாட்டுச் சரக்கு, உங்களுக்கு இறக்குமதி.

அன்றைக்கு முதலில் காட்டியதும் பெரிய கதையில்லை. ஷிஃப்ட் முடிந்து வேலையாட்கள் தொழிற்சாலையை விட்டு வெளியே வருகிறார்கள், அவ்வளவுதான் படம். என் சின்ன வயதில் ரோடியர் மில் வாசலில் சாயங்காலச் சங்கு ஊதியதும் அதே படம் தினம் ஓடும். கலரில், சத்தத்தோடு, பிராங்க் கேட்காமல். அத்தனை பேரும் சைக்கிளில் ஒரே நேரத்தில் வெளியே வருவதைப் பார்த்தால் லூமியேரே காமிராவைக் கீழே போட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கியிருப்பார்.

தமிழ்நாட்டுக்குப் படம்காட்டும் பெட்டி போய்ச் சேர்ந்ததிலும் எங்கள் சர்க்காரின் ஆள் ஒருவர் இருக்கிறார். டூபாண் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு 1905ல் திருச்சிக்கு வந்தார். உடம்புக்கு முடியாமல் போனது. ஊர் திரும்பினால் போதுமென்று கருவியையும் படச்சுருள்களையும் விற்றார். வாங்கியவர் ரயில்வேயில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட். அவர் வேலையை விட்டார், கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினார், 1914ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலே கட்டிவிட்டார். இதைக் கோவைக்காரர்கள் தங்கள் வரலாறு என்கிறார்கள். காவிரித் தண்ணி ஒத்துக்கொள்ளாத ஒரு பிரெஞ்சுக்காரரின் வரலாறு என்பது என் கட்சி.

இன்னொரு சாட்சி கருவடிக்குப்பத்தில் படுத்திருக்கிறார். நாடகத் தமிழுக்குத் தலைமை ஆசான் என்று சொல்லப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்தது தூத்துக்குடிப் பக்கம், 1922 நவம்பர் 13 அன்று கண்ணை மூடியது எங்கள் ஊரில். ஆரம்ப காலப் பேசும் படத்தில் நடித்தவர்கள் பாதிப்பேர் பாய்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நாடகக் குழுக்களில் உருவானவர்கள். அந்தக் கம்பெனிகளுக்குப் பாட்டும் வசனமும் பிரம்படியும் கொடுத்தவர் அவர். அப்படிப்பட்டவர் எந்த மண்ணைத் தேர்ந்தெடுத்தார் பாருங்கள். 'தேர்ந்தெடுத்தார்' என்பது கொஞ்சம் மிகைதான். செத்துப்போக யார் ஊர் பார்த்தார்கள்?

இப்போது சட்டத்துக்கு வருவோம்.

1954 அக்டோபர் 18ல் கீழூரில் ஓட்டெடுப்பு. மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170, வேண்டாமென்று 8. டூரிங் கொட்டகையில் மழைநாள் இரண்டாவது ஆட்டத்துக்கே தரை டிக்கெட்டில் இதைவிடக் கூட்டம் இருக்கும். அந்த நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. அதாவது அதே வருடம் மார்ச்சில் 'மனோகரா'வும் ஏப்ரலில் 'அந்த நாள்' படமும் வெளியானபோது நாங்கள் பிரான்ஸ். பாட்டே இல்லாமல் எஸ். பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்' படத்தைத் தமிழ்நாடு கைவிட்டதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. அது எங்களுக்கு அந்நிய நாட்டுப் படம்.

விஷயம் இங்கேதான் சூடு பிடிக்கிறது. நிர்வாகம் கைமாறினாலும் சட்டப்படி ஊர் கைமாறவில்லை. ஒப்பந்தத்தில் 1956ல் கையெழுத்தாயிற்று. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தராமல் அல்ஜீரியப் போரைக் காட்டி இழுத்தடித்தது. எங்களை விட்டால் அல்ஜீரியாவும் கேட்குமே என்ற பயம். 1962ல் அல்ஜீரியாவே போன பிறகுதான் ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி எங்களை விட்டார்கள். எனவே 1954 முதல் 1962 வரை நாங்கள் காகிதத்தில் பிரான்ஸ், கஞ்சியில் இந்தியா. சினிமாவுக்கு இந்த எட்டு வருடம் எப்பேர்ப்பட்ட எட்டு வருடம் தெரியுமா? த்ரூஃபோவின் 'நானூறு அடிகள்' 1959. ரெனேயின் 'ஹிரோஷிமா, என் அன்பே' அதே வருடம். கோதாரின் 'மூச்சுத் திணற' 1960. 'ஜூல் ஏ ஜிம்' 1962 ஜனவரி. ஆன்யெஸ் வார்தாவின் 'ஐந்திலிருந்து ஏழுவரை க்ளியோ' அந்த ஏப்ரல். மொத்தப் புதிய அலையும் எங்கள் சொந்த நாட்டுப் படம்! கோதாரின் 'விவர் சா வீ' மட்டும் செப்டம்பரில் பாரிஸில் வெளியாகி ஒரு மாதத்தில் தவறவிட்டது. அதை வெளிநாட்டுப் படங்கள் அலமாரியில் வைக்கவும்.

இந்தச் சட்ட நுணுக்கத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது தாத்தா. அவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன்வரை போய் வந்து, பாரிஸிலிருந்து பென்ஷன் வாங்கியவர். வீட்டில் அவர் பிரெஞ்சுக்காரர், நாங்களெல்லாம் ரேஷன் கார்டுக்காரர்கள். அது எப்படி என்பது தனிக் கதை. பிரான்ஸின் தேசிய நாளான ஜூலை 14 அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலையில் நிற்பார். மறுநாள் மண்ணெண்ணெய் க்யூவில் எங்களோடு நிற்பார்.

எண்பதுகளில் ஊரில் படச் சங்கம் ஒன்று 16 எம்எம் புரொஜெக்டர் வைத்துப் பிரெஞ்சுப் படம் போடும். தமிழ் எழுத்தும் ஓடாது, இங்கிலீஷ் எழுத்தும் ஓடாது. எனக்கோ 'போன்ழூர்', 'மெர்சி' தாண்டி ஒன்றும் வராது. ஆகையால் தாத்தாவைக் கூட்டிப் போவேன். மௌனப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வாராமே, அப்படி என் வலது காதுக்கு மட்டும் ஒரு கதைசொல்லி. வாயில் புகையிலை.

முதலில் பார்த்தது 'மூச்சுத் திணற'. கார் ஓட்டும் கதாநாயகன் பேசிக்கொண்டே இருக்கிறான். பக்கத்தில் இருக்கும் பெண்ணின் தலை இந்தப் பக்கம் இருக்கிறது, சடக்கென்று வேறு தெரு, மறுபடி சடக். தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டேய், ஆப்பரேட்டர் ரீலை வெட்டிட்டான்டா."

உலகம் முழுக்க சினிமா மாணவர்கள் இந்த வெட்டுக்கு இன்றுவரை பாடம் படிக்கிறார்கள். எங்களுக்கு அதிசயமே இல்லை. கடைசி பஸ்ஸுக்கு ஜனம் கிளம்புவதற்குள் படத்தை முடிக்க வேண்டும் என்று இரண்டு பாட்டையும் ஒரு சோகக் காட்சியையும் கத்தரித்துவிடும் ஆப்பரேட்டர்களிடம் வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த வகையில் எங்கள் ஊர்க் கேபின்களில் அப்போது ஏழெட்டு கோதார்கள் வேலை பார்த்தார்கள்.

அப்புறம் ஓட்டல் அறைக் காட்சி. அவனும் அவளும் இருபது நிமிடத்துக்கு மேல் பேசுகிறார்கள். நான் தாத்தாவின் முழங்கையை இடித்துக்கொண்டே இருந்தேன். "என்ன சொல்றான் தாத்தா?"

"ஒண்ணுமில்ல."

"இவ்ளோ நேரமா?"

"சத்தியமா ஒண்ணுமில்லடா. வேலைவெட்டி இல்லாத பய."

கடைசியில் அவன் குண்டடிபட்டு நடுத்தெருவில் விழுந்து, சாகும்போது ஒரு சொல் சொல்கிறான். போலீஸ்காரர் அதை அந்தப் பெண்ணிடம் மாற்றிச் சொல்கிறார். அவள் காமிராவைப் பார்த்து, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறாள். படம் முடிகிறது. அவன் திட்டியது யாரை, அவளையா, தன்னையா, வாழ்க்கையையா என்று அறிஞர்கள் அடித்துக்கொள்கிறார்கள். தாத்தாவுக்குச் சந்தேகமே இல்லை. சைகோன் முகாமில் தினமும் சூப்பை வாயில் வைத்ததும் அவருடைய சார்ஜண்ட் அதே சொல்லைத்தான் சொல்வாராம். "வாய்ல வைக்க விளங்காதுன்னு அர்த்தம்." எனக்கு இன்றைக்கும் அந்தப் படத்தின் கடைசிக் காட்சி பசியோடுதான் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த மாதம் த்ரூஃபோ. (ட்ரூஃபோ என்று எழுதினால் தாத்தா அடிப்பார்.) சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பித்த பையன் ஓடுகிறான், ஓடுகிறான், வேலி, மரம், மேடு, பள்ளம். கடைசியில் கடல். காலை நனைத்துத் திரும்பி எங்களைப் பார்க்கிறான். அப்படியே உறைகிறது. விளக்குப் போட்டதும் நாலு பேர் கண்ணைத் துடைத்தார்கள். நான் தாத்தாவைப் பார்த்தேன். "கடல் பாக்கவா இந்த ஓட்டம்?" என்றார். ஞாயம்தான். அரங்கிலிருந்து கடற்கரை எட்டு நிமிட நடை. வரும் வழியில் கடலையும் வாங்கலாம். பிறகு எண்பதுகளின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புக் கட்டி, இருந்த மணலையும் கடல் கொண்டுபோய், கரை முழுக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள். அதற்குப் பிறகு ரொம்ப காலம், அந்தப் பையன் எங்கள் ஊருக்கு ஓடி வந்திருந்தால் கால் நனைந்திருக்காது, முட்டிதான் பெயர்ந்திருக்கும்.

மற்ற நாட்களில், ஊரை வெள்ளைக்காரர் பக்கம் தமிழர் பக்கம் என்று பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே என் படிப்பு நடந்தது. ராஜா, அஜந்தா, ரத்னா, ராமன், ஆனந்தா, பாலாஜி தியேட்டர்களில். உலகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த பாதியும் தப்பாகத் தெரிந்தது அங்கேதான். பணக்காரர்கள் வீட்டுக்குள் மாடிப்படி வைத்திருப்பது மேலிருந்து கத்துவதற்காக என்று நம்பினேன். பாரதிராஜாவைப் பார்த்துவிட்டு, கிராமம் என்றால் வெள்ளை உடுத்திய பெண்கள் மெதுவாக ஓடும் இடம் என்று நம்பி வில்லியனூரைத் தாண்டிப் போனேன். ஓடியது ஒரு எருமை, அதுவும் என்னைப் பார்த்து. பாலு மகேந்திராவால் ஊட்டி என்றாலே சோகம். இன்றுவரை அங்கே போனால் ரயில் நிலையப் பக்கம் போவதில்லை.

அந்தத் தியேட்டர்களில் சில இப்போது சிக்னல்களாகிவிட்டன. "ராஜா தியேட்டர் எறங்கு" என்கிறார் கண்டக்டர். படம் பார்க்க ஒருவரும் இறங்குவதில்லை. செத்துப்போனது தெரியாமலே உலவும் ஒருவரைப் பற்றி 1999ல் 'தி சிக்ஸ்த் சென்ஸ்' எடுத்தாரே மனோஜ் நைட் ஷியாமளன், அவர் 1970ல் பிறந்தது மாஹேயில். மாஹே கேரளக் கரையில் இருந்தாலும் புதுச்சேரி யூனியன் பிரதேசம். கைக்குழந்தையாகவே அமெரிக்கா போய்விட்டாராம். இருக்கட்டுமே. அஜந்தா சிக்னலில் பச்சைக்குக் காத்து நிற்கும்போதெல்லாம் அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது.

வந்து எடுத்துப் போனவர்களும் உண்டு. 1968ல் பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் வந்து ஆசிரமம்வரை படம்பிடித்துக்கொண்டு போனார். ஊர் திரும்பி கேன்ஸ் விழா ஜூரியில் உட்கார்ந்தார், மே மாதக் கலவரத்தில் அதையும் விட்டு எழுந்தார். அவர் படத்தை பிபிசி ஒளிபரப்ப, நம் சர்க்காருக்குக் கோபம் வந்து 1970ல் பிபிசியின் டெல்லி அலுவலகத்தையே மூடவைத்தார்கள். ஆங் லீ 'லைஃப் ஆஃப் பை' எடுக்க 2011ல் வந்தபோது நாங்கள் விவரமாகிவிட்டோம். தாவரவியல் பூங்காவை மிருகக்காட்சி சாலையாக்கினார்கள், ஊரே துணை நடிகராயிற்று. என் பெரியம்மா மகனுடைய இடது தோள் அதில் நடித்திருக்கிறது. அவன் வீட்டு டிவியில் அந்த இடத்தில் நிறுத்திக் காட்டுவான். சட்டை நன்றாகத் தெரிகிறது. ஆங் லீக்குச் சிறந்த இயக்குநர் ஆஸ்கர் கிடைத்த அன்று ஸ்வீட் கொடுத்தது அவன்தான்.

தமிழ்ப் படங்களுக்கு மட்டும் எங்கள் ஊர் இன்றும் மஞ்சள் சுவர், அதன் முன்னால் ஒரு பாட்டு, முடிந்ததும் ஒரு பாட்டில். கதாநாயகனின் நண்பன் "பாண்டி போலாமா மச்சி" என்றதும் தியேட்டர் அதிரும். எங்கள் ஊர்த் தியேட்டரிலும் அதிரும். சிரிப்பவர்கள் கடலூர் பஸ்ஸில் வந்தவர்கள், வந்த வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள். நாங்கள் விருந்தாளிகளுக்காகப் புன்னகைப்போம்.

தாத்தாவின் மொழிபெயர்ப்பு எதிர்த்திசையிலும் ஒருமுறை நடந்தது. பாரிஸிலிருந்து அவருடைய பழைய பட்டாளத்து நண்பர் ஒருவர் வந்து ஒரு வாரம் தங்கினார். முசியேவுக்குத் தமிழ்ப் படம் காட்ட வேண்டும். முதலில் மகேந்திரன் படம். அதில் தாத்தாவுக்கு வேலையே இல்லை, யாரும் பேசவில்லை. இரண்டு கிழவர்களும் நிம்மதியாகத் தூங்கினார்கள். மறுநாள் பழைய படம் போட்டிருந்த தியேட்டரில் பி.ஆர். பந்துலுவின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. ஜாக்சன் துரையின் எதிரே சிவாஜி எழுந்து நின்றார். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடமான வசனம். புருவம் ஏறுகிறது, இறங்குகிறது, கன்னம் துடிக்கிறது, வார்த்தை மேல் வார்த்தை, கொட்டகை முழுக்க விசில். முசியே தாத்தா பக்கம் குனிந்து என்னவோ கேட்டார்.

"இல் ந பே பா" என்றார் தாத்தா. பிறகு என் பக்கம் திரும்பி, "வரி கட்ட மாட்டாராம்னு சொன்னேன்" என்றார்.

முசியே வாட்சைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். சிவாஜி இன்னும் முடிக்கவில்லை. முசியே மறுபடி ஒரு கேள்வி கேட்க, தாத்தா திரையிலிருக்கும் ஜாக்சனைக் காட்டி ஒற்றைச் சொல் சொன்னார்: "ஆங்லே." இங்கிலீஷ்காரன்.

அவ்வளவுதான். 1761ல் இந்த ஊரைப் பிடித்துக் கோட்டை கொத்தளத்தோடு தரைமட்டமாக்கிய கணக்கு அந்த மனுஷனுக்கு எங்கிருந்தோ ஞாபகம் வந்தது. பெஞ்சின் மேலேயே ஏறி நின்று கைதட்டினார். பின்வரிசையில் "யோவ் வெள்ளைக்காரா, மறைக்குது, உக்காரு" என்றார்கள். உட்காரவில்லை. தரை டிக்கெட்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு அவருக்கும் சேர்த்து விசிலடித்தார்கள்.

1995ல் பிரான்ஸ் சிவாஜிக்குச் செவாலியே விருது கொடுத்தது. தமிழ்நாடே கொண்டாடியது. தாத்தா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நம்ம முசியே போய்ச் சொல்லியிருப்பான்" என்றார். பதினைந்து நாள் எங்கள் தெருவில் போகிற வருகிறவரிடமெல்லாம் சொன்னார். சிபாரிசு யாருடையது என்பதை மட்டும் அவர்களையே யூகிக்க விட்டார்.