ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்

போன தை மாதத்தில் என் ஸ்பிளெண்டரின் வலது ஃபோர்க் அழ ஆரம்பித்தது. காலையில் எழுந்து பார்த்தால் பைப்பில் எண்ணெய் வழிந்து, அதில் வில்லியனூர்ப் புழுதி ஒட்டி, விபூதியைக் குழைத்துப் பூசியதுபோல் நிற்கும்.

"ஆயில் சீல் போயிருக்கு சார். ஒரு மணி நேர வேலை" என்றார் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் தம்பி. சாயங்காலமே வண்டி வந்துவிட்டது. கசிவு நின்றிருந்தது. ஆனால் வண்டி நேராகப் போக வேண்டுமென்றால் ஹேண்டில்பாரைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். பிரேக் போட்டால் மூக்கு தரையைத் தொடும். பள்ளத்தில் இறங்கினால் 'டொக்' என்று யாரோ கதவைத் தட்டுவார்கள். திரும்பப் போய்க் கேட்டேன். தம்பி வண்டியைச் சுற்றி ஒரு முறை வந்தார். சீட்டைத் தட்டினார்.

"ஓட்ட ஓட்ட செட் ஆயிடும் சார்."

இந்த வாக்கியத்தின்மேல் எனக்குப் பழைய பக்தி உண்டு. 1994-ல்தான் ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் சந்தைக்கு வந்தது. அதே வருடம் எனக்குக் கல்யாணம். அன்று மாமனார் மண்டபத்து வாசலில் நின்றுகொண்டு, "போகப் போக எல்லாம் சரியாயிடும்" என்றார். அதை என்னிடம் சொன்னாரா, தன் மகளிடம் சொன்னாரா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. ஆகவே காத்திருக்க எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காத்திருந்தேன்.

வேலை பாகூர்ப் பக்கம். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வார்கள். அறுவடைக் காலத்தில் அந்தக் களஞ்சியம் பாதி ரோட்டில்தான் காயும். நெல்லைச் சுற்றி எல்லைக்கல் மாதிரி கருங்கற்களை அடுக்கி வைத்திருப்பார்கள். மிச்சமிருக்கும் பாதியில் எதிரே கரும்பு டிராக்டர் வரும். இதற்கு நடுவில் நேராக ஓடும் வண்டியே நெளியும். என் வண்டியோ பிறவியிலேயே நெளிவதுபோல் நெளிந்தது.

வேகத்தடைகள் வேறு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் (கட்சி இல்லை, சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பு) சொல்லும் வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். ஆமை முதுகு மாதிரி மெல்ல ஏறி மெல்ல இறங்கும். எங்கள் ஊர்களில் அவரவர் வீட்டு வாசலுக்கு அவரவரே போட்டுக்கொள்ளும் தடைக்கு அகலம் ஒரு முழம்தான், உயரத்தை அவரவர் பயம் தீர்மானிக்கும். கரிக்கலாம்பாக்கம் தாண்டுவதற்குள் என் டிபன்பாக்ஸில் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் ஒன்றாகிவிடும்.

கடலூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனபோது எல்லையில் போலீஸ்காரர் நிறுத்தினார். புதுச்சேரியிலிருந்து ஒருவன் வளைந்து வளைந்து வந்தால் வேறு என்ன நினைப்பார்? "ஊதுங்க" என்றார். ஊதினேன். கருவி ஒன்றும் சொல்லவில்லை. அவர் கருவியை ஒரு தட்டு தட்டி, மறுபடியும் ஊதச் சொன்னார்.

வைகாசியில் எங்கள் வில்லியனூர்த் திருக்காமீஸ்வரர் கோயில் தேர். கவர்னர் வந்து வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம். இன்றைக்கும் கவர்னரும் முதலமைச்சரும் வந்து பிடிக்கிறார்கள். தேருக்கு ஸ்பிரிங்கும் கிடையாது, ஹேண்டில்பாரும் கிடையாது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்தான் அதைத் திருப்புகிறார். அவ்வளவு பெரிய மரமலை, மாடவீதி மூலையில் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பியது. என் வண்டிக்கும் முன்னால் கட்டையோடு இரண்டு பேர் ஓடினால் தேவலை என்றேன். "ஏங்க, தேரை இழுக்க கவர்னர் வர்றாரு. உங்க வண்டிய இழுக்க யாரு வருவா?" என்றாள் மனைவி.

மறுநாள் ஏம்பலம் பக்கம் புங்கமரத்தடியில் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் போனேன். சேத்தக் ஸ்கூட்டர் காலத்து ஆள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரம் தரையில் படாதபடி இன்ஜினுக்கு அடியில் கட்டையைக் கொடுத்தார். ஹேண்டில்பாரை ஒரு விரலால் தொட்டார். தொட்டால் அது தானாக ஒரு பக்கம் சாய வேண்டுமாம். என்னுடையது வைத்த இடத்தில் அட்டென்ஷனில் நின்றது.

"கோன் செட்டை முறுக்கியே கொன்னுட்டாங்க சார்."

பிறகு மேலே காட்டினார்: இரண்டு ஃபோர்க் பைப்பில் ஒன்று மற்றதைவிட ஒரு நகக்கண் அளவு தூக்கலாக மாட்டப்பட்டிருந்தது. கழற்றி எண்ணெயைக் கவிழ்த்தார். இடப்பக்கத்தில் ஒரு மூடி அளவுதான் வந்தது. வலப்பக்கத்திலிருந்து கன்னங்கரேலென்று, பழைய இன்ஜின் ஆயில். எல்லையில் போலீஸ்காரர் சந்தேகப்பட்டது சரிதான், குடித்திருந்தது வண்டி.

ஃபோர்க்குக்குள் ஒரு ஸ்பிரிங், அளவாக எண்ணெய், எண்ணெய் புகுந்து வரச் சின்ன ஓட்டைகள். பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கி எகிறப் பார்க்கும்போது, அந்த ஓட்டை வழியே நெருக்கிக்கொண்டு போகும் எண்ணெய்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. 1935-ல் ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ ஆர்12 வண்டியில் இந்த எண்ணெய் ஃபோர்க்கைப் போட்டு விற்றார்கள். அவர்கள் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்ததை, இங்கே ஒரு காலுக்குப் பட்டினி, ஒரு காலுக்கு விருந்து என்று பிரித்திருக்கிறார் நம் தம்பி.

பெரியவர் சீலை உளி வைத்துத் தட்டவில்லை. பிவிசி பைப் துண்டு ஒன்றை அதன்மேல் வைத்துச் சமமாக இறக்கினார். இருமல் மருந்து கொடுக்கும் தாய் மாதிரி கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஃபோர்க் ஆயிலை இரண்டு பக்கமும் ஒரே அளவாக அளந்து ஊற்றினார். இரண்டு மணி நேரம், இரண்டு டீ. கூலி, தம்பி வாங்கியதைவிட ஐம்பது ரூபாய் குறைவு.

"யார் செஞ்சாங்கன்னு சொல்லட்டுமா?"

"வேணாம் சார். எங்கிட்ட தொழில் கத்துக்கிட்டவனா இருந்துடப் போறான்."

ஒரு வாரம் கழித்துத் தம்பி கடை வழியாக வந்தேன். வண்டி கோடு போட்டதுபோல் வந்தது. தம்பி கையைத் தட்டி நிறுத்தினார், முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா சார்! அன்னிக்கே சொன்னேன்ல?"

வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பக்கத்தில் நின்றிருந்தவரிடம் திரும்பிவிட்டார். "வேணும்னா சாரையே கேளுங்கண்ணே. இவரும் இப்படித்தான் வந்து நின்னாரு."

அந்த அண்ணன் நம்பிக்கையோடு என்னைப் பார்த்தார். அவர் வண்டியின் ஹேண்டில்பார் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.