ரிங்லெட் வண்டியின் அளபெடை: குறிஞ்சித்திணை எஞ்சின் ஒலியியலுக்கு ஒரு முன்னுரை

நின்ற இடத்தில் நின்றபடி ஒரு பழைய லேண்ட் ரோவர் எழுப்பும் ஓசையைத் தமிழ் இலக்கண உலகம் இதுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் சாலை போட்டு முடித்தது 1931இல். அந்தச் சாலையில் ஏறிவந்து, தேயிலை மூட்டையும் முட்டைக்கோஸ் கூடையும் சுமந்து, ஓய்வு பெற மறுத்து, இந்த மலைக்கு மலேசிய சாதனைப் புத்தகத்தில் இடம் வாங்கித் தந்த வண்டி இது. இதன் 2,286 சிசி பெட்ரோல் எஞ்சின் 1958இல் வந்தது. தொல்பொருளுக்குரிய தகுதிகள் எல்லாம் இருந்தும், அடிக்குறிப்புகளோடு ஒருவரும் எழுதாததால் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆய்வெல்லை, இம்மலையின் ரிங்லெட் கடைத்தெருவில் நிற்கும் பெட்ரோல் வண்டிகள். டீசல் வண்டிகளின் நோய் கவர்னரிலும் எண்ணெய்க் குழாயில் புகும் காற்றிலும் கிடப்பதால், அவற்றுக்குத் தனி ஆய்வாளரும் தனி நிதியும் தேவை.

இவ்வோசையை வண்டி பழுதுபார்க்கும் போமன்கள் மூன்றாகப் பகுப்பர்: 'மிஸ்ஸாகுது', 'செத்துச் செத்துப் பொழைக்குது', 'ஏறி ஏறி இறங்குது'. இப்பகுப்பு எளிமையாகவும் சரியாகவும் இருப்பதால் ஆய்வுக்கு உதவாது. எனவே இலக்கணத்தை நாடுவோம். மிஸ்ஸாவது தொகை, நான்கு சிலிண்டரில் ஒன்று மறைந்து நிற்கிறது. பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்ற, எதைக் கழற்றியும் ஓசை மாறவில்லையோ அதுவே மறைந்த உருபு. செத்துப் பிழைப்பது குற்றியலுகரம். தன் ஒரு மாத்திரையில் பாதியைப் பறிகொடுத்து நிற்கும். இவ்விரண்டையும் மாணவர்களுக்கு விட்டுவிடலாம். முனைவர் பட்டத்துக்குத் தகுதியுடையது மூன்றாவதான அளபெடை. ஆக்சிலரேட்டரில் கால் படாமலே எஞ்சின் தானாக ரேஸாகி, பிறகு மனம் மாறியதுபோல் இறங்கி, அணையப் போகும் நொடியில் மறுபடி ஏறும்.

காரணம் தேடுமுன் திணை துணிய வேண்டும். ரிங்லெட் கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது; ஆகவே குறிஞ்சி. குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். கார்ப்பரேட்டருக்குள் நடப்பதும் அதுதான். பெட்ரோல் தலைவி, காற்று தலைவன். குளிர்ந்த காலையில் தலைவனைச் சற்றே தடுத்து நிறுத்தித் தலைவி முந்திக்கொள்ள வழிசெய்யும் சோக், தோழி. கிண்ணத்தில் தலைவியை அளவு மீறாமல் காத்து நிற்கும் மிதவை, செவிலி. இதை மறுப்போர் உண்டு. ரிங்லெட்டைச் சுற்றிக் காய்கறித் தோட்டங்களும், அருகிலேயே சுல்தான் அபு பக்கார் அணையின் ஏரியும் இருப்பதால் இது மருதம் என்றும், எனவே எஞ்சினின் செயல் ஊடலே என்றும் அவர்கள் வாதிடுவர். மலைமேல் மருதம் வருமா என்று கேட்டால் திணைமயக்கம் என்பர். எதையும் எதனோடும் சேர்க்க நம் ஆய்வாளர்களுக்கு அச்சொல் செய்துள்ள உதவி கொஞ்சநஞ்சமன்று. ஆனால் மருதக் கட்சியார் தம்மையறியாமல் உண்மையை இடறிவிடுகிறார்கள். ஊடல் என்றால் இடையில் மூன்றாம் ஆள் ஒருவர் வேண்டும். இங்கே அவர் யார்? கார்ப்பரேட்டரின் வாய்வழியே, ஊரறிய, அளவோடு வரும் காற்று கற்பு. காஸ்கெட் விரிசல் வழியே ஓசைப்படாமல் நுழையும் காற்று களவு. அந்தக் களவுக்காற்றே அளபெடைக்குக் காரணம் என்பது இவ்வாய்வின் துணிபு.

உயரக் கட்சியார் இதை ஏற்கமாட்டார்கள். மலையில் காற்று மெலிவு. ஆகவே எஞ்சின் மூச்சுத் திணறுகிறது என்பது அவர்கள் வாதம். முதற்பாதி உண்மை. கடற்கரையோடு ஒப்பிட்டால் இங்கே காற்றழுத்தம் எட்டில் ஒரு பங்கு குறைவு. வேக்குவம் மானியை மாட்டினால் கீழே காட்டியதைவிட மூன்று, நான்கு அங்குலம் குறைத்தே காட்டும். அதை நோயென்று எழுதியவர் மலையை நோயாளியாக்கியவர். ஆனால் காற்று மெலிந்தால் கலவையில் பெட்ரோலின் பங்கு கூடும். பிளக் கரி பிடிக்கும், புகை கறுக்கும், எஞ்சின் சோர்ந்து ஓடும். ஏறி ஏறி இறங்காது. மேலும், உயரம் காலையில் ஒன்றாகவும் மாலையில் ஒன்றாகவும் இருப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் வண்டிக்கும் அதே உயரந்தான். பனிக் கட்சியாருக்கு ஒரு வரி போதும்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் ஈரம் எஞ்சின் சூட்டில் காய்ந்துவிடும், நண்பகலிலும் நோய் நீடித்தால் பனியைப் பழித்துப் பயனில்லை.

இனி மூலபாடத் திறனாய்வு. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் என்பது கையேட்டின் பாடம். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கிடைத்த படியில் (அட்டையில்லை, முதற்பக்கம் வெற்றிலைக்குப் பயன்பட்டிருக்கிறது) அந்த எண்மேல் எண்ணெய்க் கறை இருப்பதால், அறிஞர்கள் கறைக்கடியில் வேறொரு எண்ணைக் கண்டு தனித்தனி நூல்கள் எழுதலாம். இதைவிடப் பழைய சான்று, கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்குரூவின் தலையில் உள்ளது. அதன் கீறல்களை அடுக்கடுக்காக ஆராய்ந்தால் குறைந்தது மூன்று கைகள் புலப்படும். ஆழமான கீறல் சரியான ஸ்குரூ டிரைவருடையது. அகன்றது பத்துக் காசு நாணயத்துடையது. குறுக்கே சரிந்தது சாப்பாட்டுக் கரண்டியுடையது. கரண்டிக் கீறல் நாணயக் கீறலுக்கு முந்தியது என்றும், நாணயக் கீறலே ஓர் இடைச்செருகல் என்றும் இரு கட்சிகள் தோன்றிக் கருத்தரங்கம் கூட்டினால், மலர் வெளியாகும், பொன்னாடை போர்த்தப்படும், கட்டுரைக்கு இவ்வளவு என்று பதவி உயர்வுப் புள்ளியும் கிடைக்கும். வண்டி கடை வாசலில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஏனென்றால் மூன்று கைகளும் திருகியது தவறான உறுப்பை. வெளியே ஓட்டை இருக்க உள்ளே திருகினால், அன்றைக்குச் சமாதானமாகி நாளைக்கு மறுபடி ஆரம்பிக்கும்.

'ஓட்டைதான் காரணமென்றால் ஹாபு மலைச்சாலை ஏற்றத்தில் வண்டி நன்றாகத்தானே இழுக்கிறது?' என்று கேட்கலாம். தகுதியுள்ள ஒரே மறுப்பு இதுதான். நிற்கும்போது த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கிறது. எஞ்சினோ விடாமல் உறிஞ்சுகிறது. ஆகவே மேனிஃபோல்டில் வெற்றிடம் அப்போதுதான் மிகுதி, உள்ளே வரும் காற்றோ மிகக் குறைவு. அந்தக் கொஞ்சத்தோடு ஒரு நூலளவு களவுக்காற்று சேர்ந்தாலும் கலவை மெலிந்து சில சுற்று எரியும், சில சுற்று எரியாது; விழும், பிடித்துக்கொள்ளும், மறுபடி விழும். ஏற்றத்தில் த்ராட்டில் திறந்து காற்று வெள்ளமாக வரும்போது அந்த நூலளவு எங்கே தெரியும்? ஆகவே ஏற்றத்தில் இழுப்பது இத்துணிபுக்கு மறுப்பன்று, சான்று.

களவுக்காற்று நுழையும் முக்கிய இடங்கள் நான்கு: கார்ப்பரேட்டர் அடிக் காஸ்கெட், மேனிஃபோல்டு காஸ்கெட், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வேக்குவம் குழாய், பிரேக் சர்வோ உள்ள வண்டியில் அதன் ஓஸ். பெட்ரோலையோ ஸ்ப்ரேயையோ தெளித்துச் சோதிக்கும் வழக்கம் உண்டு. ஆனால் இந்த எஞ்சினில் சைலன்சர் பக்க மேனிஃபோல்டும் இதே பக்கத்தில் கொதித்துக்கொண்டிருப்பதால் ஆய்வாளர் தீய்ந்துபோக வாய்ப்புண்டு. பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் போத்தல் போதும். எஞ்சின் ஓடும்போது இணைப்புகளில் தெளித்துக்கொண்டே போங்கள். எங்கே ஓசை மாறுகிறதோ அங்கே ஓட்டை. அதற்கு முன்னால் சர்வோ ஓஸை இடுக்கியால் ஒருமுறை நசுக்கிப் பாருங்கள். ஸ்குரூவைத் தொடாதீர்கள்.