சேவலின் காரைக்கால் யாத்திரை

பிரெஞ்சுக்காரரின் பாகசாஸ்திரத்திலே 'கோக் ஓ வான்' என்று கீர்த்தி பெற்ற பதார்த்தம், கிழச் சேவலுக்கு விமோசனம் தேடிய குடியானவரின் உபாயமேயாகும். கூவுவதிலும் வேளை தவறத் தொடங்கிவிட்ட அப்பிராணியின் மாமிசம் பல்லுக்கு வசப்படாதாகையால், அதைச் சிவப்பு ஒயினில் ஓர் இரவு ஊறவைத்து, மூடிய கனத்த பாத்திரத்தில் சிறுதீயில் மணிக்கணக்காக வேகவிட்டால், தசையைக் கட்டியிருக்கும் சவ்வெல்லாம் இளகிக் குழம்போடு ஐக்கியமாகிவிடும்.

பொறையாற்றுக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்தில் கிழச் சேவலுக்குப் பஞ்சமில்லை, ஒயினுக்குத்தான் பஞ்சம். டாஸ்மாக் இருக்கிறதே என்பீர்கள். மதுவிலக்கின் மாண்பைப் பற்றி ஊரில் பாதிப் பேருக்குக் கட்டுரை எழுதக் கற்பித்த ஓய்வுபெற்ற தமிழாசிரியன், சமையலுக்காகத்தான் என்று விளக்கிக்கொண்டு அந்த வரிசையில் நிற்க முடியுமா? பக்கத்துத் தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை குடியிருந்த டேனிஷ்காரரோ, எங்கள் அடுப்புக்கு உதவும்படி எதையும் விட்டுச் செல்லவில்லை.

மிஞ்சியது காரைக்கால். தஞ்சை மராட்டிய மன்னர் சாகுஜியோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்திய நிர்வாகத்துக்கு வந்த அவ்வூர், இன்றும் புதுச்சேரியைச் சேர்ந்ததாதலால், அங்கே தாராளமாகக் கிடைக்கும் சீசா நண்டலாற்றைத் தாண்டி இப்பால் வந்தால் குற்றமாகிவிடும். அங்கிருக்கும் என் சிநேகிதரின் மாமனார், பிரெஞ்சு ராணுவத்தில் சேவித்து ஓய்வூதியம் பெறும் 'சொல்தா', இந்தச் சிக்கலை ஒரே வாக்கியத்தில் தீர்த்தார்: "ஒயின் வராட்டா என்ன வாத்தியாரே, சேவல் வரட்டுமே!"

"ஏண்டா தம்பி, ஊத்திக் கொடுத்தாத்தான் அது வேகுமா?" என்று கேட்டுக்கொண்டே அத்தை தன் சேவலை ஒப்புக்கொடுத்தாள். அது பேருந்தில் என் மடியிலமர்ந்து எல்லையைக் கடந்ததை எவரும் ஆட்சேபிக்கவில்லை.

சொல்தா தாத்தாவின் அடுப்படி அனுஷ்டானம் பார்க்கத் தகுந்தது. முதல்நாள் ஊறிய துண்டங்களைத் துடைத்து, உப்பிட்ட பன்றிக் கொழுப்பில் சிவக்க வறுத்து, பிராந்தியைக் கவிழ்த்துத் தீக்குச்சியைக் காட்டினார். போகிக் கொளுத்தல்போல் எழுந்த ஜுவாலையைக் கண்டு நான் வாசற்படிவரை பின்வாங்கினேன். பிறகு ஊறிய ஒயினையே மீண்டும் ஊற்றி, பிரிஞ்சி இலையைப் போட்டு மூடிவிட்டு, பிரான்சுக் குளிரைப் பற்றிப் பிற்பகல் முழுவதும் பேசினார். இச்சமையலின் பெருமையே, சமைப்பவன் சும்மா இருக்க வேண்டியிருப்பதுதான் என்பது என் அபிப்பிராயம். கடைசியில் வதக்கிய சின்ன வெங்காயமும் காளானும் சேர, வெண்ணெயில் பிசைந்த மாவால் குழம்பு கெட்டிப்பட்டது.

அத்தையின் பங்கைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு திரும்பினேன். சாவடியில் பேருந்தேறிய காவலர் மூடியைத் திறந்து முகர்ந்து, "சீசா ஏதும் இருக்கா சார்?" என்றார். "இல்லை" என்றேன். கொதியில் சாராய சத்தின் பெரும்பகுதி போய்விடினும், எஞ்சிய அணுப் பிரமாணம் குழம்பிலேயே தங்கும் என்ற ரசாயன உண்மையை அவர் கேட்கவில்லை, நானும் போதிக்கவில்லை.

அத்தை ஒரு கவளம் பிசைந்து வாயிலிட்டுப் பார்த்தாள். "வெந்துதான் இருக்கு" என்று சொல்லி, மிளகை இடிக்க உரலை இழுத்துப்போட்டாள்.