கைகாட்டியார்

சேலத்தில் பிறந்து வளர்ந்தவர் தானாக ஏற்காட்டுக்குப் போவதில்லை. சென்னையிலிருந்து மச்சினர் குடும்பம் வர வேண்டும், அல்லது பெங்களூரிலிருந்து பழைய சிநேகிதர் வர வேண்டும். வந்தவர் "ஏற்காடு பக்கத்துலதானே?" என்று கேட்ட பிறகுதான், மொட்டை மாடியில் துணி காயப்போடும் போதெல்லாம் வடக்கே நின்றுகொண்டிருந்த மலை இவர் கண்ணில் படும். கைகாட்டியார் மட்டும் விதிவிலக்கு. கல்யாண நாள், காணும் பொங்கல், ஆபீசில் எதிர்பாராமல் கிடைத்த லீவு, எது வந்தாலும் மனைவியை பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். மனுஷனுக்கு இயற்கை மேல் அவ்வளவு பிரியம் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அதெல்லாம் இல்லை. அவருடைய பிரியம் சேலத்தின் மேல். அதிலும் கொண்டலாம்பட்டியில் கடன் வாங்கிக் கட்டிய சொந்த வீட்டின் மேல். அதை மேலேயிருந்து பார்க்க வேண்டும். பார்ப்பதைக்கூட விட்டுவிடலாம், காட்டியாக வேண்டும்.

உருவம் சராசரிதான். வலது கை மட்டும் தோளிலிருந்து நேராக நீண்டு, ஆள்காட்டி விரலில் முடிந்து, பழைய ரயில்வே கைகாட்டி மாதிரி அப்படியே நிற்கும். ரயில் வந்தால் கைகாட்டி இறங்கும். இவர் கை, எதிரே இருப்பவர் "ஆமா, தெரியுது" என்று சொன்னால்தான் இறங்கும்.

காலையில் மனைவி புளிசாதத்தைக் கட்டி, தட்டுவடைப் பொட்டலத்தைப் பையில் வைத்து, மோட்டார் சுவிட்சை இரண்டு முறை பார்த்துவிட்டு வந்து பின்னால் உட்காருவார். அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு வந்ததும் கை முதல் முறையாக ஹேண்டில்பாரை விட்டு எழும். "எம்.ஜி.ஆர்., கலைஞர், கண்ணதாசன், எல்லாரும் இந்த வாசல் வழியா உள்ள போனவங்கதான்!" உள்ளே இப்போது அந்த ஸ்டுடியோ இல்லை. வளைவு மட்டும் நிற்கிறது. இல்லாததைக் காட்டுவதில்தான் அவருடைய முழுத் திறமையும் வெளிப்படும்.

அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எத்தனையாவது வளைவு என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதை அவர் சத்தமாகப் படிப்பார். பின்னால் இருப்பவருக்கும் எண்ணத் தெரியும் என்பது அவர் நினைவுக்கு வராது. கைப்பிடிச் சுவர் கொஞ்சம் அகலமாக இருக்கிற இடமெல்லாம் வண்டி நிற்கும், கை எழும். சுவரில் உட்கார்ந்திருக்கும் குரங்குகள் அந்த நீட்டிய கையில் ஏதாவது இருக்கிறதா என்று உற்றுப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லாத ஆள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

காபித் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில், "1820கள்ல காக்பர்ன்னு ஒரு கலெக்டர் இருந்தாரு, அவருதான் இங்க காபி கொண்டாந்தாரு" என்பார். இது உண்மை. உண்மை என்பதாலோ என்னவோ ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். ஊர்ஜிதமான தகவலில் அவருக்கு ருசி இல்லை.

ஏற்காடு ஏரியும் அவருக்குப் பிடிக்காது. அழகில் குறையொன்றும் இல்லை. ஏரி பள்ளத்தில் இருக்கிறது, சுற்றிலும் மேடு, அங்கிருந்து சேலம் தெரியாது. படகில் மனைவி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மிதித்துக்கொண்டே நேரம் பார்ப்பார். அண்ணா பூங்காவில் பூக்களைக் காட்டத் தேவையில்லை, கிட்டத்திலேயே இருக்கின்றன. பகோடா பாயிண்டில் கீழே கிராமம் தெரியும். அந்த ஊரில் அவருக்கு வீடும் இல்லை, தெரிந்தவரும் இல்லை. இரண்டு மிளகாய் பஜ்ஜியோடு அந்த இடம் முடிந்துவிடும். பஜ்ஜி சூடு ஆறுமுன் "லேடீஸ் சீட் போலாமா?" என்பார். அது கேள்வி அல்ல என்று மனைவிக்குத் தெரியும்.

லேடீஸ் சீட் என்பது மலை விளிம்பில் நாற்காலி மாதிரி அமைந்த பாறை. வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி சாயங்காலங்களில் இங்கே உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று கதை. பக்கத்திலேயே ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்று வேறு பாறைகளும் உண்டு.

"பாத்தியா, அந்தக் காலத்துலயே குடும்பமா வந்து உக்காந்திருக்கான்" என்றார் நம்மவர் ஒரு நாள்.

"கதையில அந்தம்மா மட்டும்தாங்க வருது. தனியா வந்ததாலதான் நிம்மதியா சூரியனப் பாத்திருக்கு."

அவர் காதில் இது விழவில்லை. கை ஏற்கெனவே எழுந்துவிட்டது.

இந்த இடத்தில் கைகாட்டிகளின் தொழில் சிரமத்தைச் சொல்லியாக வேண்டும். திருச்சிக்காரருக்கு வேலை சுலபம். உச்சிப் பிள்ளையார் கோயிலில் ஏறி வடக்கே விரலை நீட்டினால் போதும், 236 அடி ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் தானே வந்து விரல் நுனியில் நிற்கும். மைசூர்க்காரருக்குச் சாமுண்டி மலையிலிருந்து அரண்மனை இருக்கிறது. சேலத்துக்காரருக்கு என்ன இருக்கிறது? அருகே மூக்கனேரி, அதன் நடுவே மரம் முளைத்த திட்டுகள். மேக்னசைட் வெட்டியெடுத்த இடத்தில் வெள்ளை வெளேரென்று மண்மேடுகள். தூரத்தில் இரும்புத்தாது கிடக்கும் கஞ்சமலை. இந்த மூன்றையும் பச்சைக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். மற்றதெல்லாம் பெட்டி பெட்டியாகக் கட்டடம், மேலே மெல்லிய புகை. வேண்டுமானால் மேட்டூர் அணையைச் சேர்த்துக்கொள்ளலாம். வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் தெரியும் என்று ஏற்காட்டில் எல்லோரும் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லை நம்பி, மேற்கே எது மின்னினாலும் அதை மேட்டூர் என்று அறிவித்துவிடுவார் கைகாட்டியார். அன்று மின்னியது தகரக் கூரை. அது இடம் விட்டு நகர்ந்தபோது லாரி என்று தெரிந்தது.

"அத விடு. இங்க பாரு, வெள்ளை மேடு தெரியுதா? அதுலேர்ந்து இடது பக்கம் வா. இன்னும் வா. போதும், போதும், தாண்டிட்ட! கருப்பா சின்டெக்ஸ் டேங்க் தெரியுதா?"

"தெரியுது."

"அதுக்குப் பக்கத்துலதான் நம்ம வீடு."

"எந்த டேங்குக்குங்க?"

நியாயமான கேள்வி. சேலத்தில் டேங்க் இல்லாத மாடி எது? லேடீஸ் சீட்டிலிருந்து கொண்டலாம்பட்டி நேர்க்கோட்டிலேயே பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. அவ்வளவு தூரத்தில் டேங்க் என்ன, தெருவே தெரியாது. அந்தம்மா "தெரியுது" என்று சொன்னது டேங்க் தெரிந்ததால் அல்ல, கை வலிக்குமே என்ற இரக்கத்தால்.

பக்கத்தில் நின்றிருந்த ஒருவர் தொண்டையைச் செருமினார். "நீங்க காட்டறது கொண்டலாம்பட்டி இல்லீங்க. அது குகை ஏரியா. கொண்டலாம்பட்டி இன்னும் அந்தாண்ட." அவர் அழகாபுரத்துக் கைகாட்டி. தன் மனைவிக்கு ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தைக் காட்டிக்கொண்டிருந்தவர், அடுத்தவர் சேலம் தவறாக விநியோகிக்கப்படுவதைப் பொறுக்க மாட்டாமல் வந்துவிட்டார்.

"ஏனுங்க, நான் அங்கியே குடியிருக்கறேன். எனக்குத் தெரியாதா?"

"குடியிருந்தா கீழயிருந்துதானுங்க தெரியும். மேலயிருந்து பாக்கறது வேற கணக்கு. ஜருகுமலைய வச்சுப் பாருங்க."

"நான் கஞ்சமலைய வச்சுப் பாக்கறேன்."

இரண்டு கைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நீண்டு நின்றன. குகையும் கொண்டலாம்பட்டியும் கால்மணி நேரம் இடம் மாறி மாறிப் போயின. பின்னால் மர நிழலில் இரண்டு மனைவிமாரும் உட்கார்ந்து, தட்டுவடைக்கு மாற்றாக முறுக்கு வாங்கி, பிள்ளைகளின் படிப்புவரை பேசி முடித்திருந்தார்கள். தீர்ப்புக்காகக் கணவன்மார் அங்கிருந்த டெலஸ்கோப்பிடம் போனார்கள். காசு கட்டி இருவரும் மாறி மாறிக் கண்ணை வைத்தார்கள். கைகாட்டியாருக்கு வீடு தெரிந்தது. அழகாபுரத்தாருக்கு அது குகை என்று தெரிந்தது. அந்த டெலஸ்கோப் யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.

சூரியன் இறங்கியதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. மனைவிமார் பார்த்திருக்கலாம். அவர்கள் சொல்லவில்லை.

இறங்கும்போது இருட்டிவிட்டது. பாதி வழியில் ஒரு வளைவில் வண்டி மறுபடி நின்றது. கீழே சேலம் முழுக்க விளக்கு. ஊரே அழகாக இருந்தது என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். புகையும் டேங்கும் இருட்டில் மறைந்துவிட்டால் எந்த ஊரும் அழகுதான்.

"இப்ப பாரு, பகல்ல தெரியலன்னியே" என்று கை எழுந்தது. "ஹைவே போற கோடு தெரியுதா? அதுக்கு இந்தப் பக்கம், கடைசியா தனியா ஒரு லைட்டு எரியுது பாரு. அதான் நம்ம வீடு. சத்தியமா."

அந்தம்மா நிதானமாகப் பார்த்தார்.

"காலைல கிளம்பறப்ப எல்லா லைட்டையும் அணைச்சுட்டுதானேங்க வந்தோம்?"

கை அந்தரத்திலேயே நின்றது. தவறாகக் காட்டினேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது நாள் முழுக்க விளக்கை எரியவிட்டு வந்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மின்கட்டணத்துக்காக ஃபேனைக்கூட இரண்டுக்கு மேல் வைக்காத மனிதர். இருந்தும் அரை நொடி தயங்கவில்லை.

"நான்தான் மறந்துட்டேன். ஹால் லைட்ட அணைக்கல."

வீட்டுக்கு வந்து சேரும்போது மணி ஒன்பது. தெரு முழுக்க வெளிச்சமாக இருந்தது. இவர்கள் வீடு மட்டும் கும்மிருட்டு. அந்தம்மா பைக்கிலிருந்து இறங்கி, வீட்டைப் பார்த்து, அவரைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் பையில் சாவியைத் தேடினார்.

"பல்பு ஃபியூஸ் போயிருச்சுபோல" என்றார் கைகாட்டியார். "நாம அந்த வளைவு தாண்டி வந்த பின்னாடிதான் போயிருக்கணும்."