டமால் சத்தத்துக்குப் பிறகு சாவியைத் தொடாதீர்கள்

ஓடிக்கொண்டிருந்த கார் இன்ஜின் திடீரென்று நின்றுபோவது பற்றிக் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே.

கே: நான்குவழிச் சாலையில் நல்ல வேகத்தில் போகும்போது இன்ஜின் நின்றுவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்? – உளுந்தூர்பேட்டை

ப: இன்ஜினை மறந்துவிட்டு உங்களைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். இன்ஜின் நின்றால் பல வண்டிகளில் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக்குக்குத் துணை செய்யும் வேக்குவம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் மிச்சமிருக்கும். ஆகவே பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள், ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்துங்கள். வண்டி உருளும்போது சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும், அதையும் செய்யாதீர்கள். ஹஸார்டு விளக்கைப் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். எல்லோரும் இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு அழைக்கலாம். அதன் பிறகு மறுபடி செல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

கே: அந்த ஆசை அடங்கவில்லை, அடித்துவிட்டேன். வழக்கத்தைவிட வேகமாக ‘விர்ர்’ என்று சுற்றியது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. – வந்தவாசி

ப: அந்த ‘விர்ர்’தான் பாதி நோயைச் சொல்லிவிடுகிறது. நல்ல இன்ஜினில் செல்ஃப் அடித்தால் ‘ர்ரும்… ர்ரும்…’ என்று மூச்சுவாங்கித்தான் சுற்றும். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும்போது மோட்டார் கொஞ்சம் திணறும், அந்தத் திணறல்தான் அந்த ஏற்ற இறக்கம். திணறலே இல்லையென்றால் கம்ப்ரஷன் இல்லை. ஓடும்போது நின்ற வண்டியில், எல்லா சிலிண்டரிலும் ஒரே நேரத்தில் கம்ப்ரஷன் போயிருந்தால், முதல் சந்தேகம் டைமிங் பெல்ட் அறுந்திருக்கிறது என்பதே.

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பது பெல்ட்டு. 3,000 ஆர்பிஎம்-மில் கிராங்க் நொடிக்கு 50 சுற்று, ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பெல்ட்டு அறுந்ததும் கேம் நின்றுவிடுகிறது, திறந்த வால்வு திறந்தபடியே நிற்கிறது. வண்டி கியரில் உருண்டுகொண்டிருப்பதால் பிஸ்டன் மட்டும் மேலே வந்து வந்து இடிக்கிறது. வால்வு வளையும். சில சமயம் வால்வின் தலை முறிந்து உள்ளே விழுந்து பிஸ்டனையும் ஹெட்டையும் கொத்திவிடும். வால்வும் பிஸ்டனும் முட்டாத அமைப்புள்ள இன்ஜின்களும் உண்டு. அவற்றில் புது பெல்ட்டு போட்டால் பிழைத்துக்கொள்ளும். உங்களுடையது எது என்று தெரியும்வரை செல்ஃபைத் தொடக்கூடாது. மேல் மூடியைக் கழற்றி, கேம் புல்லி சுற்றுகிறதா என்று பார்க்க ஒரு மெக்கானிக்குக் கொஞ்ச நேரம் போதும்.

கே: தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா? – ஆரணி

ப: கூடவே கூடாது. செல்ஃப் வளைக்காமல் விட்ட வால்வையும் அது வளைத்துவிடும்.

கே: என் வண்டியில் பெல்ட்டு இல்லை, செயின். நிம்மதியாக இருக்கலாமா? – பொள்ளாச்சி

ப: ஆயில் மாற்றும் ஒழுக்கம் இருக்கும்வரை இருக்கலாம். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பெரும்பாலும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. கெட்டித்துக் கறுத்த ஆயிலோடு ஓட்டினால் செயின் தேய்ந்து நீளும், ஒரு பல் தாண்டும், மேலே சொன்ன அதே விபரீதம் நடக்கும். ஆனால் செயின் முன்கூட்டியே குரல் கொடுக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடிகள் ‘கடகட’வென்று கேட்டு அடங்கினால் உடனே காட்டுங்கள். பெல்ட்டு இந்த முன்னறிவிப்பைப் பெரும்பாலும் தராது. அதனால்தான் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டு என்று கையேட்டில் கெடு போட்டிருக்கிறார்கள். வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். ஆகவே ஆண்டுக் கணக்கையும் பாருங்கள்.

கே: தேங்கிய மழைநீரில் மெதுவாகத்தான் போனேன். ‘டக்’கென்று நின்றுவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு ஸ்டார்ட் செய்யலாமா? – வேளச்சேரி

ப: 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்குத் தண்ணீர் பாதி கெடுதல் செய்தது என்றால், வடிந்ததும் திருப்பிய சாவி மீதியைச் செய்தது.

காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,200 சிசி, நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு 300 சிசி. கம்ப்ரஷன் விகிதம் 10 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 33 மில்லி. அதற்கு மேல் ஒரு வாய் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் மேலே வர முடியாது, கனெக்டிங் ராடு வளையும். டீசலில் மிஞ்சும் இடம் இன்னும் குறைவு. மெல்லிசாக வளைந்த ராடு உடனே காட்டிக்கொடுக்காது. வண்டி ஸ்டார்ட் ஆகி, சில வாரம் நன்றாக ஓடி, பிறகு ஒரு நாள் ராடு முறிந்து பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

சரியான முறை இதுதான்: பேட்டரி வயரைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் காய்ந்திருந்தால் பிழைத்தீர்கள் என்று நம்பலாம். நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்குகளை (டீசலில் இன்ஜெக்டர் அல்லது க்ளோ பிளக்கை) கழற்றிவிட்டு, இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஆயிலையும் மாற்ற வேண்டும். இன்னொன்று: நீருக்குள் செல்ஃப் அடித்ததால் வந்த இன்ஜின் சேதத்துக்குச் சாதாரண முழுக் காப்பீட்டில் பொதுவாகப் பணம் கிடைக்காது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகக் கூட்டிக்கொள்ளும் கவர் இருக்கிறதா என்று பாலிசியில் இன்றே பாருங்கள்.

கே: சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப் 2 கிலோமீட்டர்தான். போய்ச் சேரலாமா? – சிவகாசி

ப: போய்ச் சேருவீர்கள், இன்ஜின் சேராது. அந்த விளக்கு ஆயில் குறைகிறது என்று சொல்லவில்லை, அழுத்தம் போய்விட்டது என்கிறது. கிராங்குக்கும் பியரிங்குக்கும் நடுவே ஓடும் மெல்லிய ஆயில் படலம் அறுந்தால் உலோகமும் உலோகமும் உரசிச் சூடேறி ஒட்டிக்கொள்ளும். ‘இன்ஜின் பிடிச்சுக்கிச்சு’ என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வது இதைத்தான். விளக்கைப் பார்த்ததும் ஓரம் கட்டி அணைத்துவிட்டால் ஆயில் பம்ப், அடைபட்ட வடிகட்டி, ஒரு ஸ்விட்ச் என்ற அளவில் செலவு நிற்க வாய்ப்பு உண்டு. அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று ஆக்ஸிலேட்டரோடு சேர்ந்து ஏறும் தட்டல் கேட்கத் தொடங்கிவிட்டால் அந்த வாய்ப்பு முடிந்தது.

கே: டெம்பரேச்சர் முள் ஏறவே இல்லை. ஆனாலும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? – கிருஷ்ணகிரி

ப: உண்மையாக இருக்கலாம். சென்ஸார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். ஹோஸ் வெடித்துக் கூலன்ட் மொத்தமும் கொட்டிவிட்டால் சென்ஸார் வெறும் ஆவியில் தொங்குகிறது, முள் கீழே இருக்கும்போதே அலுமினிய ஹெட் வளைந்துவிடும். ஏசி திடீரென்று சூடான காற்றை ஊதினால் சந்தேகப்படுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். அழுத்தத்தில் அடங்கியிருக்கும் கூலன்ட் திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் கூலன்ட் உள்ளே இறங்கியிருக்கிறது.

கே: சத்தமே இல்லாமல் நின்றது. அரை மணி நேரம் கழித்து எதுவும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது. இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். – தேனி

ப: இறக்க விடாதீர்கள்! உடைந்த உலோகம் அரை மணியில் ஒட்டிக்கொள்ளாது. சூட்டில் செத்து, ஆறினால் உயிர் பெறுவது பெரும்பாலும் மின்சாரச் சமாசாரம். கிராங்க் சென்ஸார், ஃப்யூல் பம்ப், ரிலே, இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். மறுபடி நின்றால் ஒன்றைக் கவனியுங்கள்: வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்ததா? இன்ஜின் சுற்றும்போதே முள் விழுந்தால் சுற்றுவதைச் சொல்லும் சென்ஸார்தான் வாய் மூடிவிட்டது. ஸ்கேனரில் பி0335 என்று வந்தால் அதே சந்தேகம் வலுக்கிறது. பி0016 என்று வந்தால் மட்டும் கதை வேறு. கிராங்கும் கேமும் கணக்குத் தப்பியிருக்கின்றன என்று பொருள், செயினைப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

கே: சாவியை அணைத்த பிறகும் டீசல் வண்டி அலறிக்கொண்டே ஓடுமா? – நாமக்கல்

ப: ஓடும். டர்போவின் சீல் போனால் இன்ஜின் தன் சொந்த ஆயிலையே குடித்து எரிக்கும். டீசலை நிறுத்தினாலும் நிற்காது, புகை மண்டும், வேகம் ஏறிக்கொண்டே போகும். மேனுவல் கியர் என்றால் பிரேக்கை முழுக்க மிதித்து, மேல் கியரைப் போட்டு, கிளட்சை விட்டுத் திணறடித்து நிறுத்த முயலுங்கள். முடியவில்லையென்றால் இறங்கித் தள்ளிப் போய்விடுங்கள். பானெட்டுக்குள் கையை விடாதீர்கள்.

கே: ‘இன்ஜின் போச்சு, மாத்தணும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எப்படி நம்புவது? – ஈரோடு

ப: ஒரே வரியை ஏற்றுக்கொள்ளாதீர்கள். எந்த சிலிண்டர், எந்தப் பாகம், எதனால் என்று கேளுங்கள். இதற்கு விடை சொல்லும் சோதனைகள் மலிவானவை, பெரும்பாலும் ஹெட்டைக் கழற்றாமலே செய்யக்கூடியவை.

முதலில் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டு, ஓடும் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றச் சொல்லுங்கள். சுற்றவே இல்லையென்றால் வெளி பெல்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடி சுற்றட்டும். இப்போது சுற்றினால் பிடித்துக்கொண்டது இன்ஜின் அல்ல, ஏசி கம்ப்ரஸரோ ஆல்டர்னேட்டரோதான். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் இன்ஜினுக்குச் சாவு எழுதுவது பெரிய அநியாயம்.

சுற்றுகிறது என்றால் கம்ப்ரஷன் பாருங்கள். பெட்ரோல் இன்ஜினில் 150 முதல் 180 பிஎஸ்ஐ வரை எதிர்பார்க்கலாம், டீசலில் அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். நான்கு எண்ணையும் தாளில் எழுதி வாங்குங்கள். நான்கும் பூஜ்யம் என்றால் டைமிங். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டு மட்டும் குறைந்தால் நடுவே கேஸ்கெட் எரிந்திருக்கலாம். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஏறினால் ரிங்கு, ஏறாவிட்டால் வால்வு.

அடுத்து லீக் சோதனை. சைக்கிள் ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடுகிற அதே வேலைதான். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றிவிட்டுக் காதைக் கொடுக்க வேண்டும். ஏர் ஃபில்டர் பக்கம் ‘ஸ்ஸ்’ என்றால் இன்டேக் வால்வு. சைலன்ஸரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் ஊதினால் பிஸ்டன் ரிங்கு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல். காது கேட்கிற யாரும் பக்கத்தில் நின்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஆயில் ஃபில்டர். அதைத் தூக்கி எறிய விடாதீர்கள். தகரத்தை அறுத்து, மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை வெயிலில் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஜிகினாபோல் மினுமினுப்பு தெரிந்தால் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு, அதாவது கிராங்க், கேம், செயின் மாதிரி ஏதோ தேய்கிறது. ஒட்டாமல் செம்பு நிறத்திலோ வெள்ளியாகவோ மின்னினால் பெரும்பாலும் பியரிங். காகிதம் சுத்தமாக இருந்தால் கீழ்ப்பகுதி பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஹெட் வேலையோடு முடியலாம். இத்தனையும் செய்து காட்டிவிட்டு ‘மாத்தணும்’ என்று ஒருவர் சொன்னால் அவரை நம்புங்கள். அவர் கேட்கும் கூலியும் நியாயமானதே.

கே: மாற்றத்தான் வேண்டுமாம். புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் வாங்கலாமா? – தாம்பரம்

ப: வாங்கலாம், மூன்று நிபந்தனையோடு. மேலே சொன்ன கம்ப்ரஷன் சோதனையை வாங்கும் முன் அந்த இன்ஜினுக்கும் செய்யுங்கள். உங்கள் வண்டியின் இன்ஜின் எதனால் செத்தது என்று தெரியாமல் வாங்கியதை ஏற்றாதீர்கள். அடைத்த ரேடியேட்டரும் சேறு படிந்த ஆயில் கூலரும் அப்படியே இருந்தால் வந்ததும் அதே வழியில் போகும். இன்ஜின் நம்பர் பிளாக்கில் பொறித்திருக்கும், ஆர்சி புத்தகத்திலும் இருக்கும். பில்லையும் இன்ஜினின் பூர்விகத்துக்கான காகிதங்களையும் வாங்கிக்கொண்டு ஆர்டிஓ அலுவலகத்தில் புது நம்பரைப் பதிந்துவிடுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுங்கள். காகிதம் தர மறுக்கும் கடையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.