வாயைத் திறக்கும் வேலை

(பெங்களூரு நகர சிவில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு தர்சினி. நின்றபடியே ஒரு பை-டூ காபியைப் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள் இருவர். ஒருவர் அல்சூர்த் தமிழர், ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா. மற்றவர் அவருடைய அக்கா மகன், கறுப்புக் கோட்டின் மடிப்புக்கூடக் கலையாத இளம் வக்கீல்.)

தம்பி: மாமா, முடிவு பண்ணிட்டேன். அரசு வழக்கறிஞர் ஆகப்போறேன்.

குமாஸ்தா: சந்தோஷம். எந்த அரசுக்கு?

தம்பி: என்ன கேள்வி இது? கர்நாடக அரசுக்குத்தான்.

குமாஸ்தா: அது தெரியும்டா. ஆட்சியில இருக்கிற அரசுக்கா, சட்டத்துல எழுதியிருக்கிற அரசுக்கா? ரெண்டும் ஒரே விதான சௌதாவுலதான் குடியிருக்கு. ஆனா பேச்சுவார்த்தை கிடையாது.

தம்பி: புதிர் போடாதீங்க. பரீட்சை எழுதினா ஏ.பி.பி., அதாவது உதவி அரசு வழக்கறிஞர். மாசம் பொறந்தா சம்பளம். கட்சிக்காரரைத் தேடி அலைய வேண்டாம்.

குமாஸ்தா: மாஜிஸ்திரேட் கோர்ட்டோட நின்னுக்கிட்டா வேண்டாம். அதுக்கு மேல ஏறணும்னா பல பேர் கட்சிக்காரரைத்தான் தேடிப் போறாங்க. செஷன்ஸ் கோர்ட் பி.பி. ஆக ஏழு வருஷப் பிராக்டீஸ், ஸ்பெஷல் பி.பி. ஆகப் பத்து வருஷம்னு சட்டம் சொல்லுது. யார் வீட்டு வாசல்ல அந்தப் பத்து வருஷம்னு சட்டம் சொல்லல.

தம்பி: போனா என்ன? பதவி வந்தா போதும்.

குமாஸ்தா: வந்த வழியே போகும். 1990 பிப்ரவரியில உத்தரப் பிரதேசத்துல ஒரே ஒரு சுற்றறிக்கை. மாநிலம் பூரா இருந்த மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போகணும்னுட்டாங்க. அதே வருஷம் செப்டம்பர்ல ஸ்ரீலேகா வித்யார்த்தி வழக்குல உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணுச்சு. இது அரசு தன் இஷ்டத்துக்கு வெச்சு எடுக்கிற வீட்டு வேலை இல்லே, பொதுப் பொறுப்புங்கிற அர்த்தத்துல தீர்ப்பு.

தம்பி: பார்த்தீங்களா, பாதுகாப்பு வந்தாச்சு!

குமாஸ்தா: தீர்ப்புல வந்தாச்சு. ஆட்சி மாறின மறுநாள் ஹைகோர்ட் பக்கம் போய்ப் பாரு, பெயர்ப்பலகைக் கடைக்காரன் முகத்துல சிரிப்பு இருக்கும்.

தம்பி: சரி, வேலை என்ன? எதிராளிக்குத் தண்டனை வாங்கித் தரணும், அவ்வளவுதானே?

குமாஸ்தா: அங்கேதான் தப்பு. எப்படியாவது தண்டனை வாங்கித் தர்றது பி.பி.யோட வேலை இல்லேன்னு 1999-ல சிவகுமார் – ஹுகம் சந்த் வழக்குலேயே சொல்லியாச்சு. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான விஷயம் கையில இருந்தாலும் மறைக்கக் கூடாது.

தம்பி: ஜெயிக்கவே வேண்டாமா? இந்த வேலை ரொம்ப சுலபம்போல இருக்கே!

குமாஸ்தா: இரு. நாளைக்கு ஏதோ ஒரு வழக்கை வாபஸ் வாங்கணும்னு மந்திரிசபை தீர்மானம் போடும். ஆனா மனு போட வேண்டியவன் நீ. நீயே யோசிச்சு மனசு ஒப்பித்தான் போடணும், கோர்ட்டும் சம்மதிக்கணும்னு சட்டம். மந்திரி மனசும் உன் மனசும் ஒண்ணா இருக்கிற வரைக்கும் எல்லாம் சுலபம்தான்.

தம்பி: மனசைத் திறக்காம இருந்துட்டா?

குமாஸ்தா: ஆஹா, முன்னேறிடுவே! வாயைத் திறக்காத பி.பி. என்னவெல்லாம் சாதிக்கலாம்னு தெரியுமா? ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு பெங்களூருக்கு ஏன் வந்துச்சு?

தம்பி: சென்னையில நியாயம் கிடைக்காதுன்னு.

குமாஸ்தா: அப்படிச் சொல்ல வெச்சது எது? அவங்க மறுபடி முதலமைச்சர் ஆன பிறகு, முன்னாடியே சாட்சி சொன்ன 76 பேரைத் திரும்பக் கூப்பிட்டாங்க. அதுல 64 பேர் பழைய சாட்சியத்துல இருந்து நழுவினாங்க. எழுந்து நின்னு ‘ஏன்யா மாத்திச் சொல்றே?’ன்னு கேட்க வேண்டிய அரசு வழக்கறிஞர் கேட்கல. பிறழ்சாட்சின்னு அறிவிக்கச் சொல்லியும் கேட்கல. தி.மு.க.வோட க. அன்பழகன் போட்ட மனுவுல உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் எழுதித்தான் 2003 நவம்பர் 18-ஆம் தேதி வழக்கை இங்கே மாத்துச்சு.

தம்பி: ஒருத்தர் பேசாம இருந்ததுக்கு ஒரு வழக்கே ஊர் மாறுச்சா?

குமாஸ்தா: ஆமா. மூட்டை மூட்டையா தமிழ்க் காகிதம் இங்கிலீஷுக்கு மாறுச்சு. கடைசியில பை-டூ காபி மாதிரி ஆச்சு வழக்கு: பாதி தமிழ்நாட்டுப் போலீஸ், பாதி நம்ம ஊர் வக்கீல். 2005-ல கர்நாடக அரசு பி.வி. ஆச்சார்யாவை ஸ்பெஷல் பி.பி. ஆக்குச்சு.

தம்பி: உடுப்பிப் பக்கத்துக்காரர்தானே? அட்வகேட் ஜெனரலா இருந்தவர்.

குமாஸ்தா: ஒரு தடவை இல்லே, அஞ்சு தடவை. 2011-ல அந்தப் பதவி அவர் கையில, இந்த வழக்கும் அவர் கையில. ரெண்டும் கூடாது, ஒண்ணை விடுங்கன்னு நெருக்கடி. நீயா இருந்தா எதை விடுவே?

தம்பி: இதுல யோசிக்க என்ன இருக்கு? அட்வகேட் ஜெனரல்னா மாநிலத்தோட முதல் வக்கீல். வழக்கைத்தான் விடுவேன்.

குமாஸ்தா: அதனாலதான் உனக்குப் பிரகாசமான எதிர்காலம் இருக்கு. அந்த மனுஷர் 2012-ல பெரிய பதவியைத் தூக்கிப் போட்டுட்டு வழக்கை வெச்சுக்கிட்டார். எண்பதை எட்டப்போற வயசு. விட்டாங்களா? அவர் மேலேயே தனிப் புகார், கோர்ட், கச்சேரி. ஹைகோர்ட் அதை ரத்து பண்ணியும், மன உளைச்சல் தாங்காம அதே வருஷம் ஆகஸ்ட்ல இதையும் விட்டார்.

தம்பி: அப்புறம்?

குமாஸ்தா: 2013 பிப்ரவரியில பவானி சிங் வந்தார். ஆகஸ்ட்ல அவரைக் கர்நாடக அரசு நீக்குச்சு. நீக்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடினது யாரு, சொல்லு பார்ப்போம்.

தம்பி: பவானி சிங்.

குமாஸ்தா: குற்றம் சாட்டப்பட்டவங்க.

தம்பி: மாமா! தங்களை ஜெயில்ல போடச் சொல்லி வாதாடுற வக்கீல் தங்களுக்கு வேணும்னா?

குமாஸ்தா: வேணும்னுதான். நடுவுல ஆளை மாத்தினா விசாரணை இழுக்கும், எங்க உரிமை கெடும்னு வாதம். செப்டம்பர் 30-ஆம் தேதி நீக்கினது செல்லாதுன்னு தீர்ப்பும் வாங்கிட்டாங்க. உடனே கண்ணைச் சிமிட்டாதே. அதே பவானி சிங் ஸ்பெஷல் பி.பி.யா இருந்தப்பதான் 2014 செப்டம்பர் 27-ல பரப்பன அக்ரஹாரத்துல நீதிபதி குன்ஹா ஜெயலலிதாவுக்கு நாலு வருஷ ஜெயிலும் 100 கோடி அபராதமும் விதிச்சார்.

தம்பி: அப்போ வேண்டி வாங்கினவங்களுக்கே வினையா?

குமாஸ்தா: அது நீதிபதியைப் பொறுத்தது. அப்பீல் வந்தப்போ தமிழ்நாடு தரப்பு அவரையே ஹைகோர்ட்டுக்கும் நியமிச்சது. அப்படி நியமிக்கத் தமிழ்நாட்டுக்கு அதிகாரமே இல்லேன்னு 2015 ஏப்ரல் 27-ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. ஆனா அதுக்குள்ள வாதம் முடிஞ்சுபோச்சு. கர்நாடகத்துக்கு எழுத்து மூலமா வாதம் வைக்கக் கிடைச்சது ஒரே நாள்.

தம்பி: ஒரு நாள்ல என்ன பண்ண முடியும்?

குமாஸ்தா: ஆச்சார்யாவைத் திரும்பக் கூப்பிட்டாங்க. மறுநாளே 18 பக்கம் கொடுத்தார். மே 11-ல ஹைகோர்ட்ல எல்லாரும் விடுதலை. தீர்ப்புல பத்துக் கடனைக் கூட்டி 24 கோடிச் சொச்சம்னு போட்டிருந்தாங்க. திரும்பக் கூட்டினா 10 கோடிச் சொச்சம்தான் வருது. பதிமூணரைக் கோடி வித்தியாசம்! அதை எடுத்துச் சொன்னதும் இதே மனுஷர்தான்.

தம்பி: சட்டப் படிப்புல கணக்குப் பாடமே கிடையாதே மாமா.

குமாஸ்தா: பி.பி.க்குக் கட்டாயம் வேணும். 2017 பிப்ரவரி 14-ல உச்ச நீதிமன்றம் குன்ஹா தீர்ப்பையே நிலைநிறுத்துச்சு. முதல் குற்றவாளியான ஜெயலலிதா காலமாகி ரெண்டு மாசம் தாண்டியிருந்துச்சு. கூடக் குற்றம் சாட்டப்பட்ட மத்த மூணு பேர் பரப்பன அக்ரஹாரத்துக்குப் போனாங்க.

தம்பி: இதுல இருந்து எனக்கு என்ன பாடம்? பெரிய பதவியை விடணும், புகார் வாங்கணும், ஒரே ராத்திரியில 18 பக்கம் எழுதணும். சம்பளம் மட்டும் அதேதான்!

குமாஸ்தா: பாடம் ஒண்ணே ஒண்ணு. உன்னை நியமிக்கிறது அரசு, கூலி கொடுக்கிறது ஜனங்க, கட்டுப்பட வேண்டியது சட்டத்துக்கு. மூணு பேரும் ஒரே நேரத்துல உன் மேல சந்தோஷமா இருந்தா, கோப்பை எடுத்து மறுபடி படி. எங்கேயோ ஒரு கேள்வியை முழுங்கியிருப்பே.

தம்பி: இவ்வளவு படிச்சா ராத்திரி எப்போ மாமா தூங்குறது? எனக்கு இப்பவே கண்ணைச் சுத்துது.

குமாஸ்தா: கவலைப்படாதே, விண்ணப்பத்தைப் போடு. 64 சாட்சி நழுவும்போதும் கண் அசந்திருக்கிற ஆளுக்கு எந்த ஆட்சி வந்தாலும் நாற்காலி காலியா இருக்கும்.