கண்டி மாநகர சபையாருக்கு ஒரு பாராட்டுக் கடிதம்

மதிப்புக்குரிய கண்டி மாநகர சபையார் அவர்களுக்கு,

சபையின் கோப்புகளில் குறை சொல்லும் கடிதங்களே நிறைந்திருக்கும். இது பாராட்டுக் கடிதம். பயப்படாமல் பிரிக்கலாம்.

1988இல் கண்டியை உலக மரபுரிமை நகரமாக அறிவித்த யுனெஸ்கோ, கொஹாகொடவைக் கண்டுகொள்ளாமல் விட்டது பெரிய அநியாயம். மகாவலிக் கரையில், அடியில் தடுப்பு விரிப்பு ஏதுமின்றி, பல பத்தாண்டுகளாக ஊர்க் குப்பையைக் கொட்டியே ஒரு மலையை எழுப்பிய திறமை யாருக்கு வரும்? மலைநாட்டில் மலைக்குப் பஞ்சம் என்று நினைத்தார்கள் போலும்.

சிக்கனத்திலும் சபையாரை அடிக்க ஆளில்லை. நஞ்சை ஆற்றுக்கு அனுப்ப லொறி வேண்டாம், சாரதி வேண்டாம், மழை போதும். அது போயா தினத்திலும் லீவு எடுக்காது, ஓவர்டைம் கேட்காது. மேட்டின் உச்சியில் பெய்யும் நீர் உள்ளே இறங்குகிறது. அழுகும் மரக்கறியும் பழைய சோறும் அங்கே அமிலத்தை ஊறவைத்திருக்கின்றன. அந்தப் புளித்த நீர் செத்த பற்றரி, காலி பெயின்ட் டின், உடைந்த ரேடியோ எல்லாவற்றையும் அரித்து, ஈயம், நிக்கல், குரோமியம் என்று அகப்பட்டதைக் கரைத்துக்கொண்டு, கடும் சாயத் தேநீர் போலக் கறுப்பாக அடிவாரத்தில் கசிகிறது.

கொஹாகொடக் கசிவு நீரின் மாசுகள் எப்படி நகர்கின்றன என்ற ஆய்வுக் கட்டுரை 2014இலேயே வெளிவந்துவிட்டது. அதில் பங்கெடுத்த அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருப்பது ஹந்தானையில். சபையிலிருந்து ஓட்டோவில் போகும் தூரம். கட்டுரை இன்னும் சபைக்குக் கிடைக்கவில்லை என்றால், தபாலில்தான் தாமதம்.

தாராள குணத்தையும் சொல்லியாக வேண்டும். கொஹாகொடவுக்குக் கீழே பொல்கொல்லை அணைக்கட்டு 1976 முதல் மகாவலியின் நீரைத் திருப்பி, சுரங்க வழியே உக்குவளைக்கும், அங்கிருந்து வடமத்திய மாகாணத்து வயல்களுக்கும் அனுப்புகிறது. உலோகத்தில் ஒரு பகுதி ஆற்று வண்டலில் தங்கும், மிச்சம் நீர்த்துப்போகும். ஆனாலும் வழி திறந்தே கிடக்கிறது. கேட்காதவருக்கும் கொடுப்பதல்லவா கொடை!

மேட்டை மூடிவிட்டால் கதை முடிந்தது என்று சபையில் யாராவது ஆறுதல் சொன்னால், அவரை ராணிப்பேட்டைக்கு ஒருமுறை அனுப்பி வைக்கலாம். தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் தொழிற்சாலை அங்கே 1990களின் நடுவில் மூடப்பட்டது. வெளியே கொட்டிய ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவுக்கு மட்டும் யாரும் பூட்டுப் போடவில்லை. புகைபோக்கி ஓய்ந்து ஆண்டுகள் பல கழிந்தும், மழைக்கு மஞ்சள் நீர் கசிந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது.

மீதொட்டமுல்லையை நினைவூட்டுவது மரியாதையாக இராது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் அங்கே சரிந்த குப்பை மேடு 32 பேரைக் கொன்றது. அது கண்ணுக்குத் தெரிந்த சரிவு என்பதால் அமைச்சர்கள் ஓடி வந்தார்கள். கசிவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

பாராட்டோடு ஒரு சின்ன விண்ணப்பமும் உண்டு. கொஹாகொடக் கசிவு நீரிலும், அதற்கு மேலேயும் கீழேயும் மகாவலியிலும் உள்ள ஈயம், நிக்கல், குரோமியத்தின் அளவை மாதந்தோறும் சோதித்து, சபை வாசலில் மும்மொழியிலும் ஒட்டுங்கள். குடிநீரில் ஈயம் லீற்றருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மிச்சக் கணக்கை ஊரார் போட்டுக்கொள்வார்கள்.

இங்ஙனம்,
மகாவலித் தண்ணீர் குடிக்கும் வரியிறுப்பாளர்கள்